இமேஜ் ஏறாமல் நின்ற கணினியை எங்கிருந்து பார்ப்பது

அலுவலகக் கணினிகளில் இமேஜ், அதாவது தயாராகக் கட்டிவைத்த விண்டோஸ் நகல், நெட்வொர்க் வழியே ஏற்றுவது என் வேலை. வேலை நேரத்தில் எனக்கு வரும் செய்திகளில் பாதி, கணினித் திரையை ஃபோனில் சாய்வாகப் பிடித்த படம்தான். சாம்பல் நிறப் பெட்டி, அதில் எட்டு இலக்க எண், படத்துக்குக் கீழே ஒரு வரி: "அக்கா, மறுபடியும் அதே எரர்." எண் பெரும்பாலும் 80004005. அதற்கு அர்த்தம் 'ஏதோ தப்பு', அவ்வளவுதான். வகுத்தவர்களே அதற்கு 'குறிப்பிடப்படாத பிழை' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் நூறு காரணம் கிடைக்கும். நூறும் எங்கோ யாருக்கோ சரியாக இருந்திருக்கும். உங்கள் கணினிக்கு எது என்று அந்த எண் சொல்லாது.

அதனால் நான் முதலில் எண்ணைப் பார்ப்பதில்லை. திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். எந்த இடத்தில் நின்றது? இந்த ஒரு கணினி மட்டுமா, பக்கத்தில் இருப்பதுமா? இதே மாடலில் இதற்கு முன் ஒரு தடவையாவது இமேஜ் ஏறியிருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால், பார்க்க வேண்டிய இடம் பத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிடும்.

நான் வேலை செய்வது கான்ஃபிகரேஷன் மேனேஜரில், நிறுவனக் கணினிகளை மொத்தமாக நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் கருவி அது. பழக்கத்தில் எஸ்சிசிஎம் என்றுதான் சொல்வோம். வேறு கருவி வைத்திருப்பவர்களுக்கு ஃபோல்டர் பெயர்கள் மாறும். ஆனால் வண்டி நிற்கும் நிறுத்தங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான்: நெட்வொர்க் பூட், வின்பிஇ (நிறுவலுக்காக நினைவகத்தில் ஓடும் சின்ன விண்டோஸ்), பாலிசி (சர்வர் தரும் உத்தரவுகள்), கோப்பு இறக்கம், வட்டில் இமேஜ் விரிப்பு, விண்டோஸ் செட்டப், டொமைன், கடைசியாக மென்பொருள்கள்.

எஃப்8 இல்லாமல் எதுவும் இல்லை

பூட் இமேஜின் (வின்பிஇ அடங்கிய கோப்பு) பண்புகளில் கமாண்ட் சப்போர்ட் என்று ஒரு டிக் இருக்கிறது. சோதனைக்கு மட்டும் என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். அதைப் போட்டுவிட்டு பூட் இமேஜை டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட்களுக்கு (கணினிகளுக்குக் கோப்புகளை வழங்கும் சர்வர்கள்) புதுப்பித்தால், வின்பிஇ ஓடும்போது எஃப்8 அழுத்தியதும் கறுப்புக் கமாண்ட் ஜன்னல் திறக்கும். இதில் கூடுதலாக ஒரு லாபம். அந்த ஜன்னல் திறந்திருக்கும் வரை கணினி மறுதொடக்கம் ஆகாது. பிழைப் பெட்டி தானாக மூடிக்கொள்ளும் இயல்பான அவகாசம் 15 நிமிடம். நீங்கள் இன்னொரு மாடியிலிருந்து வந்து சேர்வதற்குள் கணினி ரீபூட் ஆகி, தடயமெல்லாம் போயிருக்கும். ஆகவே தடுமாறும் மாடல் என்றால், வின்பிஇ வந்த உடனேயே எஃப்8 அழுத்தி ஜன்னலைச் சிறிதாக்கி வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. அந்த ஜன்னல் முழு அதிகாரத்தோடு திறக்கும். நெட்வொர்க் கணக்கின் விவரங்கள் புழங்குகிற நேரம் அது. யாரும் வந்து உட்காரும் இடத்தில் அதைத் திறந்து வைக்காதீர்கள். நான் இரண்டு பூட் இமேஜ் வைத்திருக்கிறேன். எஃப்8 உள்ளது எங்கள் பணிமேசைக்கு, இல்லாதது மற்ற எல்லாருக்கும்.

லாக் இடம் மாறிக்கொண்டே இருக்கும்

தேடுவது ஒரே கோப்பைத்தான்: எஸ்எம்எஸ்டிஎஸ் லாக். புதிதாக வருகிறவர்கள் "லாக்கே இல்லை" என்று கையை விரிப்பதற்குக் காரணம், அது வேலை நடக்க நடக்க வீடு மாறுவதுதான். வட்டைப் பிரித்து ஃபார்மேட் செய்வதற்கு முன், அது எக்ஸ் டிரைவில் விண்டோஸ், டெம்ப், எஸ்எம்எஸ்டிஎஸ்லாக் என்ற அடுக்கில் இருக்கும். எக்ஸ் என்பது நினைவகத்தில் இருக்கும் போலி வட்டு. மின்சாரம் போனால் அதுவும் போச்சு. ஃபார்மேட் ஆன பிறகு சி டிரைவில் எஸ்எம்எஸ் டாஸ்க் சீக்வென்ஸ் என்று அடிக்கோட்டில் தொடங்கும் ஃபோல்டருக்குப் போகும், அதற்குள் லாக்ஸ். முழு விண்டோஸ் வந்து கிளையன்ட் நிறுவப்பட்டதும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிசிஎம், லாக்ஸ், எஸ்எம்எஸ்டிஎஸ்லாக். எல்லாம் முடிந்த பிறகு சிசிஎம் லாக்ஸ் ஃபோல்டரிலேயே நேராகக் கிடக்கும். லாக் பெரிதானால் பழையதைத் தேதி ஒட்டிய பெயரில் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். நீங்கள் தேடும் வரி அந்தப் பழையதில் இருக்கலாம்.

படிக்க சிஎம்டிரேஸ் போதும், கான்ஃபிகரேஷன் மேனேஜரின் பூட் இமேஜிலேயே அது இருக்கிறது. பிழை வரிகளைச் சிவப்பாகக் காட்டும். ஆனால் சிவப்பைப் பார்த்துப் பதற வேண்டாம், நன்றாக முடிந்த கணினியின் லாக்கிலும் நாலைந்து சிவப்பு இருக்கும். ஒழுங்காக முடிந்த ஒரு லாக்கை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்தச் சிவப்பு அன்றாடம் வருவது, எது இன்று புதிதாக வந்தது என்று கண்ணுக்கே தெரியும்.

கடைசியிலிருந்து மேலே படியுங்கள். கீழே கிடக்கும் 80004005 வெறும் எதிரொலி. ஒரு படி தோற்றதும், அதை ஓட்டிய பகுதி தோற்றது என்று ஒரு வரி, அதற்கு மேலிருக்கும் குழு தோற்றது என்று இன்னொரு வரி, கடைசியில் டாஸ்க் சீக்வென்ஸே (நிறுவல் படிகளின் முழு வரிசை) தோற்றது என்று மற்றொரு வரி எழுதும். ஒவ்வொரு கை மாறும்போதும் விவரம் தேய்ந்துகொண்டே வரும். 'ஃபெயில்ட் டு ரன் தி ஆக்‌ஷன்' என்ற சொற்களைத் தேடிப் பிடியுங்கள். அந்த வரியில் படியின் பெயர் இருக்கும். அதற்கு மேலே பத்து இருபது வரிக்குள் உண்மையான காரணம் உட்கார்ந்திருக்கும்.

எண் 8007 என்று தொடங்கினால் அது விண்டோஸின் சாதாரணப் பிழைதான், வேஷம் போட்டிருக்கிறது. கடைசி நான்கு இலக்கத்தைப் பதினாறடிமானத்திலிருந்து பதின்மத்துக்கு மாற்றுங்கள். 80070035 என்பதில் 35. மூன்று பதினாறு நாற்பத்தெட்டு, ஐந்து சேர்த்தால் 53. உங்கள் கணினியில் நெட் ஹெல்ப்மெசேஜ் கட்டளைக்குப் பின்னால் 53 போட்டால், நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று விடை வரும். 80070005 அனுமதி மறுப்பு. 80070070 என்றால் 112, வட்டில் இடமில்லை. கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் சிஎம்டிரேஸில் கன்ட்ரோலோடு எல் அழுத்துங்கள், அதிலேயே பிழைத் தேடல் இருக்கிறது.

வின்பிஇ வரவே இல்லையென்றால்

இந்தக் கட்டத்தில் கணினியில் லாக் எதுவும் இருக்காது, பார்க்க வேண்டியது சர்வரில். டிஸ்ட்ரிபியூஷன் பாயின்டில் எஸ்எம்எஸ்பிஎக்ஸ்இ லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, கணினியை நெட்வொர்க் பூட் செய்யச் சொல்லுங்கள். அந்தக் கணினியின் மேக் முகவரி (நெட்வொர்க் அடாப்டரின் அடையாள எண்) லாக்கில் வருகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. வரவில்லை என்றால் கோரிக்கை சர்வரை எட்டவே இல்லை. ஸ்விட்ச், விலேன், டிஎச்சிபி (கணினிக்கு ஐபி முகவரி தருவது) பக்கம் போங்கள். வந்து, 'உனக்கு டிப்ளாய்மென்ட் இல்லை', அதாவது உனக்கென்று ஒதுக்கிய நிறுவல் எதுவும் இல்லை என்று சர்வர் பதில் சொல்லியிருந்தால் நெட்வொர்க் குழுவைத் தொந்தரவு செய்யாதீர்கள், தப்பு நம் கன்சோலில். இந்த ஒரு சோதனை எங்கள் இரண்டு குழுக்களுக்கும் நடுவே நடந்த எத்தனையோ வாக்குவாதத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

எட்டவே இல்லை என்றால், முதல் சந்தேகம் ஐபி ஹெல்பர் மேல், கோரிக்கையை வேறு சப்நெட்டிலுள்ள சர்வருக்குக் கடத்தும் ரூட்டர் அமைப்பு அது. கணினியும் சர்வரும் வேறு வேறு சப்நெட்டில் இருந்தால், ரூட்டரில் டிஎச்சிபி சர்வருக்கு ஒரு ஹெல்பர், பிஎக்ஸ்இ (நெட்வொர்க் பூட்) சர்வருக்கு இன்னொரு ஹெல்பர் என்று இரண்டும் வேண்டும். ஃபயர்வாலில் யுடிபி 67, 68, 69, 4011 திறந்திருக்க வேண்டும். பலர் ஹெல்பருக்குப் பதில் டிஎச்சிபியில் 66, 67 ஆப்ஷன்களைப் போட்டு சமாளிப்பார்கள். 67-இல் எழுத முடிவது ஒரே ஒரு கோப்பின் பெயர். பழைய பயாஸ் கணினிக்கு ஒரு கோப்பு, புதிய வகை ஃபர்ம்வேரான யுஇஎஃப்ஐ உள்ள கணினிக்கு வேறு கோப்பு வேண்டும். ஆக, ஒரு வகை பூட் ஆகும், இன்னொரு வகை ஆகாது. பாதிக் கணினிகள் மட்டும் ஓடுகின்றன என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது அந்த 67-ஐத்தான். 60-ஆம் ஆப்ஷன், டிஎச்சிபியும் பிஎக்ஸ்இயும் ஒரே சர்வரில் இருந்தால் மட்டும். வேறு வேறு சர்வர் என்றால் அதை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஸ்விட்சின் ஸ்பேனிங் ட்ரீ, நெட்வொர்க்கில் சுழல் உண்டாகாமல் தடுக்கும் ஏற்பாடு. போர்ட் உயிர் பெற்றதும் பழைய முறை ஸ்பேனிங் ட்ரீ கேட்பதற்கு 15 விநாடி, கற்பதற்கு 15 விநாடி என்று 30 விநாடி எதையும் கடத்தாமல் நிற்கும். அதற்குள் கணினி ஐபி கேட்டுக் கேட்டுக் களைத்துவிடும். இதை உறுதிசெய்ய ஒரு மலிவான வழி: சுவர் போர்ட்டுக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு சின்ன, நிர்வாகம் இல்லாத ஸ்விட்சைச் செருகுங்கள். கணினி ரீபூட் ஆனாலும் சுவர் போர்ட் விழித்தே இருக்கும். அப்போது பூட் ஆகிவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது, அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைப் போடச் சொல்லிவிடலாம்.

சர்வரை எட்டியது, ஆனால் டிப்ளாய்மென்ட் இல்லை என்றதா? இதில் என்னை அரை நாள் சுற்றவிட்ட கதை ஒன்று உண்டு. கேபிள் போர்ட் இல்லாத மெல்லிய லேப்டாப்கள் ஒரு கட்டு வந்தன. மேசையில் இரண்டே யுஎஸ்பி ஈதர்நெட் டாங்கிள். முதல் இரண்டு லேப்டாப் அழகாக ஏறின. மூன்றாவதிலிருந்து ஒன்றுமே ஏறவில்லை. முதல் இரண்டும் அறிமுகமில்லாத கணினிகளாக வந்து இமேஜ் வாங்கிக்கொண்டன. வாங்கியதும் சர்வர் அந்த இரண்டு மேக் முகவரிகளையும் அவற்றின் பேரில் எழுதி வைத்துக்கொண்டது. அப்புறம் அதே டாங்கிளோடு யார் வந்தாலும், 'நீதான் ஏற்கெனவே இருக்கிறாயே' என்று திருப்பி அனுப்பிவிட்டது. நான் கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், லேப்டாப்பையே மாற்றினேன். டாங்கிளைத் தவிர எல்லாவற்றையும் மாற்றினேன். 1610 பதிப்பிலிருந்து ஹையரார்கி செட்டிங்ஸில், பல கணினிகள் பகிரும் மேக் முகவரிகளைப் பட்டியலிட இடம் இருக்கிறது. அதில் டாங்கிள்களின் முகவரியைச் சேர்த்துவிட்டால் சர்வர் அவற்றை அடையாளமாக எடுத்துக்கொள்ளாது. இப்போது எங்கள் டாங்கிள் ஒவ்வொன்றின் முதுகிலும் அதன் மேக் முகவரி ஒட்டியிருக்கிறது.

பூட் ஆகிறது, ஆனால் ஊர்ந்து வருகிறது என்றால், பூட் கோப்புகளை அனுப்பும் டிஎஃப்டிபி முறையின் பிளாக் அளவைப் பாருங்கள். பெரிதாக்கினால் வேகம் கூடும். பாக்கெட் துண்டாவதை விரும்பாத நெட்வொர்க்கில் அதுவே பூட்டை நிறுத்தியும் விடும். அப்படி இருந்தால் 1500 எம்டியுவுக்குள் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) அடங்கும் 1456-இல் வைத்துவிட்டு, விண்டோ அளவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள்.

வின்பிஇ வந்தது, உடனே போய்விட்டது

நிறுவனத்தின் பின்னணிப் படம் தெரியும், 'நெட்வொர்க் தயாராகிறது' என்று வரும், சட்டென்று ரீபூட். கடவுச்சொல் கேட்கும் திரைகூட வராது. இது கிட்டத்தட்ட எப்போதுமே டிரைவர்தான். எஃப்8 அழுத்தி ஐபிகான்ஃபிக் போடுங்கள். அடாப்டரே பட்டியலில் இல்லை என்றால் நெட்வொர்க் டிரைவர் இல்லை. அடாப்டர் இருக்கிறது, முகவரி 169.254 என்று தொடங்குகிறது என்றால் டிரைவர் இருக்கிறது, டிஎச்சிபி கிடைக்கவில்லை. கணினி நெட்வொர்க்கில்தானே பூட் ஆகி வந்தது, டிரைவர் இல்லாமல் எப்படி என்று கேட்பார்கள். பூட் ஆனபோது பேசியது கணினியின் ஃபர்ம்வேர். வின்பிஇ எழுந்ததும் ஃபர்ம்வேர் ஒதுங்கிக்கொள்ளும். அதன்பின் வின்பிஇக்குச் சொந்த டிரைவர் வேண்டும்.

பூட் இமேஜைத் திரும்பத் திரும்பக் கட்டிச் சோதிப்பது நேர விரயம். கணினித் தயாரிப்பாளர் தரும் வின்பிஇ டிரைவர் தொகுப்பை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு வாருங்கள். எஃப்8 ஜன்னலில் டிஆர்விலோட் கட்டளைக்குப் பின்னால் அந்த ஐஎன்எஃப் கோப்பின் பாதையைக் கொடுங்கள். டிரைவர் ஏறியதாகச் செய்தி வந்ததும் டபிள்யூபிஇயூட்டில் கட்டளையில் இனிஷியலைஸ்நெட்வொர்க் என்று கொடுத்துவிட்டு, மறுபடி ஐபிகான்ஃபிக். முகவரி வந்துவிட்டால் சரியான டிரைவர் அதுதான். இனி அதை பூட் இமேஜில் சேர்த்து, டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட்களைப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்க மறந்துவிட்டு, "சேர்த்தேனே, ஏன் வரவில்லை" என்று உட்கார்ந்திருப்பது நம் தொழிலின் சம்பிரதாயம். எனக்கும் நடந்திருக்கிறது, ஒரு தடவைக்கு மேல்.

பூட் இமேஜில் நெட்வொர்க், வட்டு இந்த இரண்டுக்கு மட்டும் டிரைவர் போடுங்கள். ஒலி, கேமரா, கைரேகை எல்லாம் முழு விண்டோஸின் தலைவலி. டிரைவர் பொருந்த வேண்டியது வின்பிஇயின் பதிப்புக்கு, நீங்கள் நிறுவப்போகும் விண்டோஸின் பதிப்புக்கு இல்லை. இந்த இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

வட்டின் கதையும் இதேதான். பார்ட்டிஷன் படியில் தோற்றால் டிஸ்க்பார்ட்டில் லிஸ்ட் டிஸ்க் போட்டுப் பாருங்கள். வட்டே இல்லை என்று சொன்னால், இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான கணினிகளில் முதலில் நினைக்க வேண்டியது விஎம்டி, வட்டுகளைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளும் இன்டெல் வசதி. ஃபர்ம்வேரில் விஎம்டி இயங்கிக்கொண்டிருந்தால், அதற்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் இல்லாமல் என்விஎம்இ வட்டு கண்ணுக்குத் தெரியாது. டிரைவரை பூட் இமேஜில் சேர்க்கலாம், இல்லையென்றால் ஃபர்ம்வேரில் விஎம்டியை அணைக்கலாம். நான் டிரைவரைச் சேர்க்கும் கட்சி. அணைப்பதென்றால் ஒவ்வொரு கணினியின் ஃபர்ம்வேருக்குள்ளும் போய்வர வேண்டும். நாளைக்கு மதர்போர்டு மாறி வந்தால் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். மேலும், விண்டோஸ் நிறுவிய பிறகு யாராவது அதை மாற்றிவிட்டால் நீலத் திரைதான்.

வட்டு தெரிகிறது, ஆனால் பார்ட்டிஷன் தோற்கிறது என்றால், வட்டைப் பூட்டும் பிட்லாக்கரின் பழைய பூட்டோ, பயாஸ் முறையில் பூட் ஆன கணினியில் யுஇஎஃப்ஐக்கான ஜிபிடி பார்ட்டிஷன் அமைப்போ மோதிக்கொண்டிருக்கும். பழைய தரவு வேண்டாம் என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் டிஸ்க்பார்ட்டில் வட்டைத் தேர்ந்து கிளீன். எந்த வட்டு என்று இரண்டு முறை பாருங்கள். இமேஜ் வைத்திருக்கும் பென்டிரைவும் அதே பட்டியலில்தான் இருக்கும்.

கடிகாரம்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. கிடங்கில் நெடுநாள் கிடந்த மேசைக் கணினிகளை ஒரு பயிற்சிக் கூடத்துக்காக எடுத்தோம். நெட்வொர்க் பூட் ஆனது, வின்பிஇ வந்தது, கடவுச்சொல்லும் ஏற்றது. பாலிசி வாங்கும் இடத்தில் தோற்றது, 80004005. டிரைவர் சரி, ஐபி சரி, சர்வருக்கு பிங் போகிறது, பெயரும் தீர்கிறது. பக்கத்திலிருந்த ஒரு கணினியோ ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு உதவிக்கு வந்த பையன், லாக்கில் தேதிப் பத்தியைக் காட்டி, "அக்கா, இதென்ன 2009?" என்றான்.

மதர்போர்டின் பட்டன் பேட்டரி செத்துப்போயிருந்தது. கடிகாரம் தொடக்கத் தேதிக்கே திரும்பியிருந்தது. எச்டிடிபிஎஸ்ஸில் பேசும் சர்வரின் சான்றிதழ் அந்தக் கணினியின் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. ஏற்குமா? நான் மணிக்கணக்காக அதே லாக்கை வாசித்துக்கொண்டிருந்தேன், அந்தப் பத்தியை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. இப்போது எஃப்8 திறந்ததும் நான் முதலில் தட்டுவது டேட், டைம். தேதி தவறாக இருந்தால் அங்கேயே மாற்றிவிட்டு விசார்டை மறுபடி ஓட்டலாம். ஆனால் பேட்டரியை மாற்றாவிட்டால் மின்சாரத்தைப் பிடுங்கிய அடுத்த தடவை இதே கூத்து.

கோப்பு கிடைக்கவில்லை

பட்டியலிலிருந்து டாஸ்க் சீக்வென்ஸைத் தேர்ந்தவுடனே 80040102 வந்தால், ஏதோ ஒரு பேக்கேஜ் இந்தக் கணினி எட்டக்கூடிய டிஸ்ட்ரிபியூஷன் பாயின்டில் இல்லை. பெட்டியிலேயே பேக்கேஜின் அடையாள எண் இருக்கும், முதல் மூன்று எழுத்து உங்கள் சைட் கோடு. கன்சோலில் தேடினால் எது என்று தெரியும். பேக்கேஜ் எல்லா இடத்திலும் பச்சையாக இருக்கிறதே என்றால் பவுண்டரி குரூப்பை (எந்த சப்நெட்டுக்கு எந்த டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட் என்ற வரையறை) பாருங்கள். புதிதாக ஒரு சப்நெட் திறந்திருப்பார்கள், அதை யாரும் பவுண்டரியில் சேர்த்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு இந்தப் பிழை வந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய வாரத்தில் யாரோ மாடி மாறியிருப்பார்கள்.

80070002 கோப்பு இல்லை என்று சொல்லும். கோப்பு இருக்கும். அதைப் பார்க்கும் அனுமதிதான் இருக்காது. கோப்புகளை எடுக்க வின்பிஇ பயன்படுத்தும் நெட்வொர்க் அக்சஸ் கணக்கின் கடவுச்சொல் காலாவதி ஆகியிருக்கிறதா, பூட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கணினியும் ஒரே காலையில் ஒரே இடத்தில் தோற்றால் எனக்கு வேறு எதுவும் தோன்றாது.

80091007 என்றால் இறக்கிய கோப்பின் ஹாஷ் (கோப்பு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) பொருந்தவில்லை. இங்கே எனது இரண்டாவது கேள்வி உதவும். எல்லாக் கணினிகளும் ஒரே பேக்கேஜில் தோற்றால் அந்தப் பேக்கேஜை மறுபடி விநியோகியுங்கள். ஒரே கணினி, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பேக்கேஜில் தோற்றால் ரேம் குச்சியைக் கழற்றிப் பாருங்கள். இறக்கிய பைட்டுகள் வழியில் கெடவில்லை, வந்து சேர்ந்த இடத்தில் கெடுகின்றன.

விண்டோஸ் வந்த பிறகு

இமேஜ் விரிந்து, ரீபூட் ஆகி, செட்டப் ஓடும்போது 'அன்அட்டெண்ட் கோப்பைப் படிக்க முடியவில்லை' என்று (செட்டப்பின் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிய கோப்பு அது) நின்றால், அந்தத் திரையிலேயே ஷிஃப்ட் எஃப்10 கமாண்ட் ஜன்னலைத் திறக்கும். விண்டோஸ் ஃபோல்டரில் பாந்தர் என்று ஒன்று இருக்கும், அதில் செட்டப்ஆக்ட், செட்டப்எரர் என்ற இரண்டு லாக். நான் பார்த்தவரை இதற்குக் காரணம் இரண்டுதான்: எடிஷனுக்குப் பொருந்தாத புராடக்ட் கீ, அல்லது கணினிப் பெயர். பெயர் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும். சொத்து எண்ணையும் மாடலையும் சேர்த்துப் பெயர் கட்டும் ஸ்கிரிப்ட் ஒரு நீளமான மாடலைப் பார்த்ததும் 17-க்குப் போய்விடும்.

டொமைன் சேர்ப்பு கொஞ்சம் விஷமமானது. அது தோற்றாலும் டாஸ்க் சீக்வென்ஸ் கண்டுகொள்ளாமல் ஓடி முடிந்துவிடக்கூடும். மறுநாள் காலையில் ஒருவர் உள்நுழைய முடியாமல் நிற்கும்போதுதான் கணினி வொர்க்குரூப்பில் கிடப்பது தெரியும். விண்டோஸ், டீபக் ஃபோல்டரில் நெட்செட்டப் லாக்கைத் திறங்கள். 1326 என்றால் சேர்க்கும் கணக்கின் கடவுச்சொல் தவறு. 1355 என்றால் டொமைன் கிடைக்கவில்லை. டிஎன்எஸ்ஸைப் பாருங்கள், முழு விண்டோஸில் நெட்வொர்க் டிரைவர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2732 என்றால், அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கணினிக் கணக்கு இருக்கிறது, அதை மறுபடி பயன்படுத்த அனுமதி இல்லை. 2022 அக்டோபர் அப்டேட்களிலிருந்து வந்த பாதுகாப்பு இது. பழைய கணினியை அதே பெயரில் மறுபடி இமேஜ் செய்யும் எல்லா இடத்திலும் இடிக்கும். பழைய கணக்கை நீக்கிவிட்டுச் சேர்க்கலாம். நிரந்தரமாக வேண்டுமென்றால், கணினிக் கணக்குகளை மறுபயன்பாட்டுக்கு அனுமதிக்கும் குரூப் பாலிசி டொமைன் கன்ட்ரோலருக்கு இருக்கிறது. அதில் நம்பகமான உரிமையாளர்களைக் குறிப்பிட்டு, அந்தக் கணினிக் கணக்குகளை உருவாக்கியவர் அதற்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பழைய நடத்தைக்குத் திருப்பும் ரெஜிஸ்ட்ரி மதிப்பு ஒன்று பழைய குறிப்புகளில் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள், தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சிஸ்பிரெப்பில், அதாவது இமேஜ் எடுக்கும் முன் விண்டோஸை எல்லாக் கணினிக்கும் பொதுவாக்கும் படியில், தோற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'ஒரு பயனருக்கு மட்டும் நிறுவப்பட்ட பேக்கேஜ்' என்று செட்டப்ஆக்ட் லாக்கில் இருந்தால், ஸ்டோர் செயலி ஒன்று நீங்கள் இமேஜ் கட்டிக்கொண்டிருக்கும்போதே தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் செயலியை நீக்கிவிட்டு ஓட்டலாம். என்னைக் கேட்டால், குண்டு இமேஜ் கட்டுவதையே விட்டுவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் தரும் வெறும் இன்ஸ்டால் விம் (விண்டோஸ் இமேஜ்) கோப்பை எடுத்து, மாதாந்திர அப்டேட்டை மட்டும் அதில் சேர்த்து, மென்பொருள்களை டாஸ்க் சீக்வென்ஸில் தனித்தனிப் படியாகப் போடுங்கள். ஏறுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். ஆனால் ஒன்று கெட்டால் எது கெட்டது என்று பெயரோடு தெரியும்.

மென்பொருள் படியில் பாதியில் நின்ற கணினியை யாரும் சரிபார்க்காமல் பயனரிடம் கொடுத்துவிட்டால் இன்னொரு விளைவு உண்டு. கிளையன்ட் (கணினியில் ஓடும் எஸ்சிசிஎம் மென்பொருள்) நிறுவல் நேரத்துக்கான புரொவிஷனிங் மோடிலேயே நின்றுவிடும். விண்டோஸ் ஓடும், டொமைனில் இருக்கும், ஆனால் எந்த பாலிசியும் வாங்காது. புதிய பதிப்புகளில் 48 மணி நேரம் கழித்து கிளையன்ட் தானே வெளியே வந்துவிடும். பழையதில் நீங்கள்தான் இழுத்துவர வேண்டும். எப்படியும் அந்தக் கணினியை நம்பாதீர்கள். மறுபடி இமேஜ் செய்துவிடுங்கள், அதுதான் சீக்கிரம் முடியும்.

புதிய மாடல் வரும் முன்

ஒரு வெர்ச்சுவல் கணினி எப்போதும் தயாராக இருக்கட்டும். ஹைபர்-வியில் ஜெனரேஷன் 2 என்றால் யுஇஎஃப்ஐ. டாஸ்க் சீக்வென்ஸில் எதைத் தொட்டாலும் முதலில் அதில் ஓட்டுங்கள். வெர்ச்சுவலில் ஓடி, நிஜக் கணினியில் தோற்றால் டிரைவர், ஃபர்ம்வேர், கேபிள். இரண்டிலும் தோற்றால் தப்பு சர்வரிலோ சீக்வென்ஸிலோ.

பூட் பென்டிரைவ்களையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். நம்பகமான பூட் கோப்புகளை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட்டுக்கான 2011 சான்றிதழ்கள் 2026-இல் காலாவதி ஆகின்றன, 2023 சான்றிதழ்கள் அவற்றின் இடத்துக்கு வருகின்றன. பழைய சான்றிதழைத் தடைசெய்த கணினியில், பழைய பூட் கோப்புகள் உள்ள பென்டிரைவ் எழும்பாது. இழுப்பறையில் மூன்று வருடமாகக் கிடக்கும் அந்தப் பென்டிரைவைத்தான் அவசரத்துக்கு எடுப்பீர்கள்.

டாஸ்க் சீக்வென்ஸின் கடைசியில் ஒரு குழு சேர்த்திருக்கிறேன். மொத்த வேலையும் ஒரு குழுவுக்குள், அந்தக் குழுவுக்குப் பிழை வந்தாலும் தொடர் என்று டிக். அதற்கு அடுத்து, கடைசிச் செயல் வெற்றி பெற்றதா என்ற மாறி பொய் என்றிருந்தால் மட்டும் ஓடும் இரண்டாவது குழு. அது ஒரு நெட்வொர்க் ஃபோல்டரை இணைத்து, கணினிப் பெயரும் நேரமும் சேர்த்து ஒரு துணை ஃபோல்டர் உண்டாக்கி, லாக் எங்கே இருக்கிறது என்று சொல்லும் மாறியைப் பிடித்து எல்லா லாக்கையும் அங்கே நகல் எடுக்கும். நகல் எடுத்ததும் வேண்டுமென்றே ஒரு பிழையோடு வெளியேறும், இல்லையென்றால் தோற்ற கணினியும் பச்சையாகத் தெரியும். முதல் தடவை கட்டியபோது அந்தக் கடைசி வரியை மறந்துவிட்டு, ஒரு வாரம் முழுக்க ஒரு தோல்விகூட இல்லை என்று சந்தோஷமாக இருந்தேன்.